எனக்கு வைத்த பாதி

மலாயாவில் பார்த்த சீனன் கடைத்தெருவைப் பற்றி நான் எங்கள் ஊர் இண்டூர்ப் பெண்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான், ஒன்றைத் தவிர. அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மட்டும், வேர்க்கடலையும் வாழைப்பழமும் என்று வாய் கூசாமல் புளுகினேன். அந்தப் புளுகு பிற்பாடு என் தாலிக்கே வினையாக வந்து நின்றது.

கல்யாணமான மறுவருஷமே நானும் என் வீட்டுக்காரரும் கப்பலேறிவிட்டோம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. சம்பளம் போட்ட சனிக்கிழமை வேலை முடிந்ததும் குளித்துத் தலைவாரிக்கொண்டு டவுனுக்கு நடப்போம். பொழுது சாயும்போது சீனர்கள் தெருவின் இரண்டு பக்கமும் கடை விரிப்பார்கள். புஸ்ஸென்று எரியும் விளக்குகளுக்குக் கீழே கட்டைச் செருப்பு, சீப்பு, காகிதக் குடை, பூப்போட்ட பீங்கான் கோப்பை எல்லாம் குவிந்து கிடக்கும். என் வீட்டுக்காரர் ஒன்றையும் விடமாட்டார். எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், விலை கேட்பார், வைத்துவிடுவார். கடைக்காரன் சீனத்தில் திட்டுவான். இவர் நம் பேச்சிலேயே, "கோவிச்சிக்காதீங்கண்ணா, அடுத்த சம்பளத்துக்கு வாங்கிக்கறேன்" என்பார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் சிரிப்பு அடங்காது.

தெருக்கோடியில் மீ போடும் கடை. பெரிய இரும்புச் சட்டியில் நூல் நூலாக அந்த மாவுப் பண்டத்தைப் போட்டு, முளைப்பயிறும் கறித்துண்டும் சேர்த்துப் புரட்டுவான். வாசம் தெருவுக்கே அடிக்கும். முதல் தடவை, என்ன கறி இது என்று கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துபோயிற்று, பன்றிக்கறி. எங்கள் வீட்டில் பன்றி உரசினாலே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் உள்ளே வர முடியாது. ஆனால் வாயில் இருந்ததை அதற்குள் முழுங்கிவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அடுத்த சம்பளத்துக்கு நான்தான் அவரை அந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

எப்போதும் ஒரே கிண்ணம்தான் வாங்குவோம். அவர் பாதி சாப்பிட்டுவிட்டுப் பலகைமேல் என் பக்கமாகத் தள்ளுவார். மீதி எனக்கு.

"ஊருல தெரிஞ்சா ரெண்டு பேரையும் வூட்டுல சேக்கமாட்டாங்க. எங்கப்பாவுக்கு உசிரே போயிடும்" என்று என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கை பிசுபிசுவென்று எண்ணெயாக இருந்தது.

மூன்றாம் வருஷம் எனக்கு மலைக்காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஆறு மாதத்தில் பின்னாலேயே வருகிறேன் என்று என்னை ஊருக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். அதற்குள் ஜப்பான்காரன் அங்கே வந்துவிட்டான். கடிதம் நின்றது. சண்டை முடிந்து கப்பல்கள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின. பாலக்கோட்டுக்கு ஒருவர், நல்லம்பள்ளிக்கு ஒருவர் என்று வந்து சேர்ந்தார்கள். இவர் வரவில்லை.

நாத்தனாருக்குச் சம்பந்தம் பேசினார்கள். மூத்தவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். மாமனார் பங்காளிகளைக் கூட்டினார். அமாவாசை கழிந்ததும் வைக்கோலில் ஆள் செய்து எரித்து, கையோடு கருமாதியும் என்று முடிவானது. அன்றைக்கே என் தாலியும் இறங்கும்.

நான் மாமனார் காலில் விழுந்தேன். "அவரு செத்தத பாத்த கண்ணு யாருக்காவது இருக்குதுங்களா மாமா?"

"உசிரோட பாத்த கண்ணு இருக்குதாம்மா?" என்று அவர் கேட்டார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கருமாதிக்கு நான்கு நாள் முன்னால் அந்தக் கண் வந்தது. நல்லம்பள்ளிக்காரர் ஒருவர், எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் இருந்தவர், செய்தி கேள்விப்பட்டு வந்தார். வாசலில் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஜப்பான்காரன் வந்து ரெண்டாம் வருசம் நான் பாத்தேனுங்க. சீனன் கடைத்தெருவுல, மீ கடையில ஒக்காந்து சாப்புட்டுக்கிட்டிருந்தாரு."

"என்ன கடை அது?" என்றார் மாமனார்.

"பன்னிக்கறி போடுற கடைங்க."

அவ்வளவுதான். மாமனார் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "எம்மவன் பட்டினி கெடந்து சாவானே ஒழிய அதைத் தொடமாட்டான். நீ பாத்தது வேற எவனோ." பங்காளிகளும் ஆமாம் என்றார்கள். வந்தவரே குழம்பிப்போனார். முன்பு தூரத்தில் இருந்து நாலைந்து தடவை பார்த்த முகம்தான். வேறு ஆளாக இருந்தாலும் இருக்கும் என்று சொல்லிச் செருப்பை மாட்டினார்.

வந்தவர் படி இறங்குகிறார். பேசினால் சத்தியம் போகிறது, அதுவும் என் வீட்டுக்காரர் தலையில் அடித்த சத்தியம். பேசாவிட்டால் நாலு நாளில் அவரை எரித்துவிடுவார்கள். எனக்கு யோசிக்கவெல்லாம் நேரமில்லை. ஆண்கள் நடுவில் ஓடிப்போய் நின்றேன்.

"அண்ணா, அந்தக் கிண்ணத்த அவரு முழுசா சாப்புட்டாருங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "இல்லம்மா. பாதியத் தின்னுட்டு எதிர்ப்பக்கம் தள்ளி வெச்சாரு. எதிர்ல ஆளே இல்ல. கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்திருந்துட்டு எழுந்து போயிட்டாரு. அந்தப் பஞ்சத்துல மீதி வெச்சவர யாரு மறப்பாங்க? அதனாலதான் எனக்கு ஞாபகம்." தலையைக் குனிந்துகொண்டார். "அந்த மீதிய நான்தாம்மா எடுத்துத் தின்னேன்."

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று மாமனார் கத்தினார்.

"எதுர்ல ஒக்காந்து மீதியத் தின்னவ நான்தாங்க மாமா."

கருமாதி நின்றது. நாத்தனாரின் சம்பந்தமும் நின்றது. மூன்று வருஷம் கழித்துப் பாலக்கோட்டில் வாழ்க்கைப்பட்டுப் போகிறவரை அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு மாட்டுக் கொட்டகையில் தனித் தட்டு, தனிச் சொம்பு. அதுகூடப் பெரிதில்லை. அவர் வரவேயில்லை. சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஒருவர் சொன்னார், வேறொருவர் வேறு சொன்னார். தாலி என் கழுத்தில்தான் இருக்கிறது. அதைக் காப்பாற்ற நானே சத்தியத்தை உடைத்து அவர் உயிரைக் கொடுத்துவிட்டேனோ என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறது மனசு.

கொட்டகைக்கு வந்த மூன்றாம் நாள் மாமியார் களி கொண்டுவந்து என் தட்டில் வைத்தார். முதல் இரண்டு நாளும் எட்ட நின்று வைத்துவிட்டுப் போனவர், அன்றைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அது ருசியா இருக்குமா?"

"இருக்குங்க அத்தை."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு எதுக்குடி வெச்சான்? நீதான் அங்க இல்லியே. அதையும் அவனே தின்னிருக்கலாமில்ல?"

நானும் மூன்று நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.