புகார் புத்தகத்தில் நாற்பத்தேழு பேர்

எங்கள் ரயில் நிலையத்தில் அந்தப் பெண்ணை எல்லோரும் அடையாளத்தம்மா என்றுதான் கூப்பிட்டோம். தொலைந்த பொருள் கவுன்ட்டரில் யார் வந்து எதைக் கேட்டாலும் அவர் முதலில் சொல்வது, “அடையாளம் சொல்லுங்க.” பெட்டி என்றால் மூடியைத் திறந்ததும் மேலாக இருப்பது என்ன, குடை என்றால் எந்தக் கம்பி வளைந்திருக்கிறது, செருப்பு என்றால் எந்தக் கால் அதிகம் தேய்ந்தது. எங்கள் நிலைய மேலாளர் ஒருமுறை தன் மூக்குக்கண்ணாடியை வண்டியில் விட்டுவிட்டு வந்து நின்றார்.

“எந்தக் கண்ணாடியில கீறல் சார்?”

“வலது.”

“நல்லா யோசிச்சு சொல்லுங்க.”

கண்ணாடி அவருக்கு முன்னால் மேஜை மேலேயே இருந்தது. கண்ணாடி இல்லாததால் அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது முறை இடது என்று சொன்ன பிறகுதான் கிடைத்தது. கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் போனார்.

நான் அதே நிலையத்தில் பதிவேட்டு எழுத்தர். அடையாளத்தம்மாவின் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவே ஒரு மரத் தடுப்பு. அவர் தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்தது ஒரு ஜூலை முதல் தேதி. விதிப்படி பன்னிரண்டு வருடம் முடிந்தால் நிரந்தரம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எழுத்து மூலமான புகார் மூன்றுக்கு மேல் இருந்தால் நிரந்தரம் கிடையாது, வேலையும் கிடையாது. நான்காம் வருடம் ஒரு புகார் பதிவாகியிருந்தது. அடையாளம் சொல்லத் தெரியாத ஒருவர் கோபத்தில் எழுதியது. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

நிரந்தரமானால் பணியாளர் குடியிருப்பில் ஓர் அறையும் சமையலறையும் கிடைக்கும். கணவர் விட்டுப் போன நாளிலிருந்து அவர் அண்ணன் வீட்டில் இருந்தார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள நடைவழியில் பாய். காலையில் அண்ணி காபி போட எழுந்து வரும்போது காலை மடக்கிக்கொள்ள வேண்டும். “உங்க அரண்மனை எப்ப தயாராகுது?” என்று அண்ணி தினமும் கேட்பாராம். அடையாளத்தம்மா குடியிருப்பில் காலியாக இருந்த ஒன்பதாம் எண் வீட்டை இரண்டு முறை போய்ப் பார்த்து, கட்டிலை எந்தச் சுவரோரம் போடலாம் என்று முழம் போட்டு அளந்துவிட்டு வந்தார். கட்டில் அப்போது அவரிடம் இல்லை.

கடைசி வருடம் ஜனவரி பதினொன்றாம் தேதி ஒரு பயணி தன் குடை கிடைத்த மகிழ்ச்சியில் கவுன்ட்டரைப் படம் எடுத்து, நன்றி என்று எழுதி இணையத்தில் போட்டார். படத்தில் அடையாளத்தம்மா சிரிக்கிறார். பின்னால் 317 என்று எண் போட்ட அலமாரித் தட்டும், அதில் வேறு யாருடையதோ ஒரு கறுப்புக் குடையும் தெரிகிறது. வினை அந்தப் படத்தில்தான் தொடங்கியது.

அந்தச் சமயத்தில் ஒரு கணினி விளையாட்டு நிறுவனம் இணையத்தில் புதையல் வேட்டை நடத்திக்கொண்டிருந்தது. உலகத்தில் எங்கோ ஒரு சிறு வெள்ளிப் பெட்டியை ஒளித்து வைத்திருக்கிறார்களாம். வாரம் ஒரு வீடியோ வரும். அதற்குள் குறிப்புகள் இருக்கும். பெட்டியைக் கண்டுபிடிப்பவரின் பெயரை அடுத்த விளையாட்டில் ஒரு பாத்திரத்துக்கு வைப்பார்கள். பரிசு அவ்வளவுதான். அதற்காக ஆயிரக்கணக்கான ரசிகர்கள் குழு குழுவாகச் சேர்ந்து வீடியோவை நொடி நொடியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவர் சுவரில் உள்ள எண்களை எழுதுவார், இன்னொருவர் பின்னணி ஓசையைப் பிரிப்பார், மூன்றாமவர் இரண்டையும் சரிபார்ப்பார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. நான் என் அலுவலகத்தில் அத்தனை கவனத்தைப் பார்த்ததில்லை.

ஆறாவது வீடியோவில் ஒரு கறுப்புக் குடையும் 317 என்ற எண்ணும், ‘இழந்தவை காத்திருக்கும் இடம்’ என்ற வரியும் வந்தன. எங்கள் ஊர்க் குழு அந்தப் பயணியின் படத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அவர்களிடம் இன்னொரு பாடமும் இருந்தது. போன வருட வேட்டையில் ஒரு ரொட்டிக் கடைக்காரர் நிறுவனத்துக்காக நடித்திருந்தார். மூன்று முறை “தெரியாது, போ” என்று விரட்டிவிட்டு நான்காம் முறை குறிப்பைக் கொடுத்திருந்தார். ஆகவே மறுப்பவர் எவரும் பெட்டிக்குக் காவல்காரர் என்பது அவர்கள் கண்ட விதி. எதையும் மறுப்பதற்காகவே சம்பளம் வாங்கும் ஒரு பெண்ணிடம் அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி முதலில் வந்தவர், பல் செட் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். வயது முப்பத்தைந்து இருக்கும். குழுவுக்கு அவர்தான் தலைவர்.

“317-ல இருக்கிற குடை என்னோடதுங்க.”

“அடையாளம் சொல்லுங்க.”

“இழந்தவன் அறிவான்.”

“என்னது?”

“இழந்தவன் அறிவான்,” என்றார் மறுபடியும், கண்ணைச் சிமிட்டி.

“அதெல்லாம் அடையாளம் கிடையாது தம்பி. கைப்பிடி மரமா பிளாஸ்டிக்கா?”

அவர் மனம் நிறைந்து சிரித்துக்கொண்டு போனார். பொருள் கோரும் படிவத்தில் தன் முகவரியைச் சரியாக எழுதியிருந்தார். அதைச் சொல்ல வேண்டும்.

மார்ச் ஆறு வரை முப்பத்தொரு பேர் வந்தார்கள். மொத்தம் நூற்றுப் பதினெட்டு வருகை. ஆறு பேர் நான்காம் முறை வரவில்லை. எல்லோரும் செல்போனைச் சட்டைப் பையில் கேமரா வெளியே தெரிய வைத்திருந்தார்கள். அடையாளத்தம்மா இருமினால் எத்தனை முறை இருமினார் என்று குறித்தார்கள். அவர் பூப்போட்ட புடவை கட்டி வந்த நாளில் பூக்களை எண்ணினார்கள். ஒருநாள் அவர் என்னிடம் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டார்:

“சார், என் முகத்துல ஏதாவது ஒட்டியிருக்கா?”

“இல்லையேம்மா.”

“அப்ப ஏன் சார் எல்லாரும் என்னையே இப்படிப் பார்க்கிறாங்க?”

நான்காம் முறையும் ஒன்றும் கிடைக்காததால் குழு குழம்பிப்போயிருந்தது. மார்ச் ஏழாம் தேதி பல்செட்காரர் ஐந்தாம் முறையாக வந்தார். அன்று கவுன்ட்டரில் உண்மையாகவே பொருளைத் தொலைத்தவர்கள் பதினான்கு பேர் நின்றார்கள். ஓர் அம்மாள் தன் மருந்துப் பையைக் காணவில்லை என்று அழுதுகொண்டிருந்தார்.

“கடைசியா கேக்கறேன் அக்கா. நான் என்ன செய்யணும்?”

அடையாளத்தம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “என்ன வேணா செய்ங்க! அதோ தொங்குது பாருங்க புகார் புத்தகம், அதுல எழுதிட்டுப் போங்க. ஒருத்தர் விடாம எல்லாரும் வந்து எழுதுங்க!”

பல்செட்காரர் இரு கைகளையும் கூப்பிக் கும்பிட்டார். “நன்றிக்கா,” என்றார்.

மார்ச் ஒன்பது முதல் பதினான்கு வரை, ஆறு நாளில், நாற்பத்தேழு பேர் வரிசையில் நின்று புகார் எழுதினார்கள். ஆறாவது வீடியோவின் ஒரு மூலையில் நாற்பத்தேழு எண்கள் மின்னி மறைந்திருந்தனவாம். ஆளுக்கு ஓர் எண்ணைப் புகாரின் அடியில் முறைப்படி எழுதி முடித்தால் பெட்டி வெளியே வரும் என்பது அவர்கள் கணக்கு. நிஜப் புகார் போல எழுத வேண்டும், இல்லாவிட்டால் கிழித்துவிடுவார்கள் என்று தலைவர் சொல்லியிருந்தார். அவர்களும் நிஜம் போலவே எழுதினார்கள். ‘மரியாதை இல்லாமல் பேசினார்.’ ‘என் தாயார் நினைவாக வைத்திருந்த குடையைத் தர மறுத்தார்.’ ‘பொருட்களைத் தானே எடுத்துக்கொள்கிறாரோ என்று சந்தேகம்.’ அந்தக் கடைசிப் புகாரை எழுதிய பெண் வெளியே போகும்போது அடையாளத்தம்மாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

புகார் புத்தகத்தின் பக்கங்களுக்கு எண் போட்டு, மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்குப் பட்டியல் அனுப்புவது என் வேலை. படிவத்தில் நான்கு கட்டம்: வரிசை எண், தேதி, யார் மீது, சுருக்கம். இதற்குள் வேட்டை விஷயம் நிலையம் முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அடையாளத்தம்மா என் மேஜைக்கு வந்தார்.

“சார், இது விளையாட்டுன்னு ஒரே ஒரு வரி சேர்த்து எழுதக் கூடாதா?”

“அதுக்குக் கட்டம் இல்லையேம்மா.”

“ஓரத்துல?”

“ஓரத்துல எழுதினா படிவம் செல்லாதும்மா. திருப்பி அனுப்பிடுவாங்க.”

ஏப்ரல் முதல் தேதி பட்டியலை அனுப்பினேன். பத்தாம் தேதி பதில் வந்தது: புகார்கள் திரும்பப் பெறப்படாவிட்டால் ஜூன் முப்பதுடன் பணி முடியும்.

பதின்மூன்றாம் தேதி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் பல்செட் பட்டறைக்குப் போனார். போனதையும் பேசியதையும் மறுநாள் என்னிடம் வரிசையாகச் சொன்னார். மேஜை முழுவதும் பிளாஸ்டர் மாவு. வரிசையாக வாய் இல்லாத பற்கள். அவரைக் கண்டதும் பல்செட்காரர் முதலில் செய்தது, கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை நிமிர்த்தி வைத்ததுதான்.

“தம்பி, நான் நடிகை இல்ல. என் வேலை போகுது. நீங்க எல்லாரும் எழுதினதைத் திரும்ப வாங்கிக்கிட்டீங்கன்னா போதும்.”

“அருமையா பண்றீங்க அக்கா.”

“என்னத்தைப் பண்றேன்? வீடு கிடைக்க இருந்தது தம்பி. ஒன்பதாம் நம்பர்.”

“ஒன்பதா?” அவர் எழுதிக்கொண்டார்.

அடையாளத்தம்மா அழுதுவிட்டார். அழுததும் படமாயிற்று. குழுவில் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏழாவது வீடியோவில் ‘வாசலில் நிற்பவளின் கண்ணீரை நம்பாதே’ என்று ஒரு வரி இருந்ததாம். நாற்பத்தொரு பேர், இது சோதனை, எவரும் புகாரைத் திரும்பப் பெறக் கூடாது என்றார்கள். நான்கு பேர் பாவம் என்றார்கள். இரண்டு பேர் பதில் போடவில்லை. அடுத்த இரண்டு நாளில் ஒன்பதாம் எண் வீட்டுச் சுவரை மூன்று பேர் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போனதாகக் காவலாளி சொன்னார்.

அவர் அழுத வீடியோ அண்ணன் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. “நம்ம வீட்டுலயும் ஒரு நடிகை இருக்கான்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே,” என்று அண்ணி அண்ணனிடம் சொன்னாராம். அண்ணன் செய்தித்தாளைத் திருப்பினாராம்.

மே பத்தொன்பதாம் தேதி வெள்ளிப் பெட்டி கிடைத்துவிட்டது. எங்கேயோ ஒரு துறைமுக ஊரில், பழைய படகு ஒன்றின் இருக்கைக்கு அடியில். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அவர் மருமகளும் கண்டுபிடித்தார்கள். எங்கள் ஊர்க் குழு தன் பக்கத்தில் நீளமாக ஆராய்ச்சி எழுதி, தாங்கள் எங்கே வழி தவறினோம் என்று விளக்கியது. அதில் அடையாளத்தம்மாவின் பெயர் ‘நான்காவது பொய்த்தடம்’. படமும் போட்டிருந்தார்கள், சிரிக்கிற படம்.

அதன் பிறகு அவர்களுக்கு மனது கேட்கவில்லை. இதையும் எழுத வேண்டும். மே இருபத்தொன்று முதல் ஜூன் இரண்டு வரை புகாரைத் திரும்பப் பெறும் கடிதங்கள் நாற்பத்தேழும் வந்துவிட்டன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் புகார் எழுதப் பெயர் தேவையில்லை. திரும்பப் பெற உண்மைப் பெயர், முகவரி, கையெழுத்து மூன்றும் வேண்டும். இது விதி எண் இருபத்திரண்டு. முப்பத்தெட்டுப் பேர் குழுவில் வைத்துக்கொண்ட பட்டப்பெயரில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். நிழல்நரி, ஏழாம்சாவி, தூங்காத்தவளை. அடையாளத்தம்மா பல்செட்காரருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“நிஜப் பேர் போட்டு ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுங்க தம்பி.”

“அக்கா, குழுவுல யாருக்கும் யார் நிஜப் பேரும் தெரியாது. அதுதான் எங்க முதல் விதி. கேட்டா கோவிச்சுக்குவாங்க.”

“உங்க கடிதம்?”

“என்னோடது சரியா இருக்கும் அக்கா. நான் கையெழுத்தெல்லாம் போட்டுட்டேனே.”

அவருடையது சரியாகத்தான் இருந்தது. செல்லுபடியான கடிதங்கள் ஒன்பது. மீதிப் புகார் முப்பத்தெட்டு, பழையது ஒன்று. ஜூன் பன்னிரண்டாம் தேதி முடிவு வந்தது. ஒன்பதாம் எண் வீட்டைப் பார்சல் பிரிவு எழுத்தருக்கு ஒதுக்கினார்கள்.

கடைசி நாள் குழுவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். முன்பக்கம் ‘காவல்காரி’ என்று அச்சடித்த ஒரு பனியனைக் கொடுத்து, அதை மேலே பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்தார்கள். “கொஞ்சம் முறைங்க அக்கா, அப்பதான் நல்லா இருக்கும்,” என்றார் ஒருவர். அடையாளத்தம்மா முறைக்கவில்லை. பனியனை மடித்து, சீட்டு எழுதிக் கட்டி, வந்த தேதி போட்டு அலமாரியில் வைத்துவிட்டுச் சாவிகளை என்னிடம் எண்ணிக் கொடுத்தார். பதினேழு சாவி.

விடுவிப்புப் படிவத்தில் அவர் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது; அன்றைய அவசரத்தில் நான் மறந்துவிட்டேன். ஜூலை நான்காம் தேதி அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போனேன். நடைவழியில் இப்போது அண்ணியின் தையல் இயந்திரம் இருந்தது. “அவதான் அரண்மனைக்குப் போறேன்னு சொன்னாளே, அதனால மே மாசமே வாங்கிட்டோம்,” என்றார் அண்ணி, என்னை உட்காரச் சொல்லாமல். அடையாளத்தம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தார். படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். காரணம் என்ற கட்டத்தில் ‘புகார்கள், 39’ என்று நான் எழுதியிருந்தேன்.

“சரியா இருக்கு சார்,” என்றார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, தையல் இயந்திரத்தின் மூடி மேல் காகிதத்தை வைத்து, நின்றபடியே மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.