சேற்றில் இறங்கிய சங்கிலி டிராக்டர்

போன சனிக்கிழமை புக்கிட் காதில் என்ற ஊரின் சேற்றில் ஒற்றைச் சப்பாத்தை விட்டுவிட்டு, மற்றதோடு காஜா பெராங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தெருவே பார்த்தது. விளக்கம் சொல்லித்தானே ஆக வேண்டும்...

அங்கே ஒரு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். கூடவே பள்ளிக்கூடக் கொட்டகையும் போனது. தொழிலாளர்கள் சேர்ந்து பக்கத்திலேயே ஒரு துண்டு நிலம் பிடித்தார்கள். நாடு சுதந்திரமாகிவிட்டது, நம் பிள்ளைகள் மரத்தடியில் உட்காருவதா என்று ஒரு வீம்பு. ஜனவரியில் வகுப்பு தொடங்க வேண்டும். ஆனால் நிலம்? முன்பக்கம் சதுப்பு, பின்பக்கம் சரிவு, எங்கு பார்த்தாலும் பழைய ரப்பர் மரங்களின் அடிக்கட்டைகள்.

முதலில் வந்த சக்கர டிராக்டர் பத்தடி போனதும் அச்சு வரை புதைந்தது. "வெயில் காலம் வரட்டும்" என்று நிலத்தைச் சமப்படுத்த வந்த குத்தகைக்காரர் கிளம்பிவிட்டார்.

என் பக்கத்து வீட்டுச் சவரிமுத்து சங்கிலி டிராக்டர் ஓட்டுகிறவர். சக்கரத்துக்குப் பதிலாக இரும்புப் பட்டைகளைச் சங்கிலியாகக் கோத்திருக்குமே — அந்த வண்டி. முதலாளியிடம் கேட்டு ஒரு நாளைக்கு வாங்கி, லோரியில் ஏற்றி வந்தார்; துணைக்கு நானும் போனேன். மறுநாள் அது பத்து பெரெண்டாமில் வேறு வேலைக்குப் போயாக வேண்டும்.

வண்டி சேற்றில் இறங்கியது. புதையவில்லை. அகலமான பட்டைகளில் பாரம் பரவிவிடுகிறதாம். முழங்கால் வரை இறங்கி, ஒற்றைச் சப்பாத்தைப் பறிகொடுத்து நின்ற நான் தலையாட்டினேன்.

கம்பிவடம் கட்டி இழுக்க, கட்டைகள் வேரோடு வந்தன. பிறகு சரிவு. ஈரக் களிமண் பட்டை இடுக்குகளில் அப்பிக்கொண்டது. பிடி போயிற்று. வண்டி பக்கவாட்டில் வழுக்கி ஒரு கட்டையில் மோத, இடப்பக்கச் சங்கிலி கழன்றது.

சவரிமுத்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"இதுக்கு மேல ஏத்தினா கவுந்துரும் சார். சேத்துல நிக்கும். வழுக்குற மேட்டுல எந்தச் சங்கிலியும் நிக்காது."

பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் அன்னம்மா முன்னால் வந்தார். மூன்று பிள்ளைகளின் தாய்.

"சங்கிலிய மாட்டுங்கண்ணே. வழுக்காம நாங்க பாத்துக்குறோம்."

"எப்படி தங்கச்சி?"

"கிளைய வெட்டிப் போடுறோம். மழையில காண்டாக் கம்புல பால் வாளியத் தோள்ல தூக்கிக்கிட்டு நாங்க அப்படித்தானே மேடு ஏறுறோம்."

பாராங் கத்தியை எடுத்தார். இருபது பெண்கள் கூடச் சேர்ந்தார்கள். விழுந்து கிடந்த கிளைகளைத் துண்டு துண்டாக நறுக்க, ஆண்கள் சரிவில் பரப்பினார்கள். நானும் வெட்டினேன்... அரை மணியில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கடப்பாரையால் நெம்பி, களிமண்ணைச் சுரண்டி, சங்கிலியை மாட்ட இரண்டு மணி நேரம்.

"குறுக்கே ஓட்டமாட்டேன். நேரா ஏறி நேரா இறங்குவேன். வழுக்குச்சுன்னா அதோட சரி" என்றார் சவரிமுத்து.

பட்டைகள் மரத்துண்டுகளை நொறுக்கிக்கொண்டு ஏறின. ஓரிடத்தில் வண்டி சறுக்கியது — நின்றது — பிடித்தது. மேலே போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் எல்லாக் கட்டைகளும் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. சரிவின் விளிம்பில் இருந்த அதைத் தொட சவரிமுத்து மறுத்துவிட்டார்.

"அங்க போனா நான் வீடு திரும்பமாட்டேன் தங்கச்சி."

"இருக்கட்டும்ணே. பிள்ளைங்க அதுமேல உக்காரட்டும்."

நேற்று பள்ளிக்கூடத்தின் முதல் தூணை ஊன்றியாயிற்று.

கரடுமுரடான நிலத்துக்கு எந்த வண்டி நல்லது? சங்கிலி வண்டிதான், சந்தேகமே இல்லை. கூடவே இருபது பாராங் கத்திகள் தேவைப்படும் — அதை எந்தக் கம்பெனியும் விளம்பரத்தில் சொல்வதில்லை.