எக்ஸ்ரேவுக்குத் தைலம்

சிதம்பரத்தில் முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் அதே ஆபரேஷன் முடிந்த ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். நரைத்த தலையை விட்டுவிட்டு மீசைக்கு மட்டும் மை பூசியிருந்தார். தினமும் சாயங்காலம் பழைய முட்டியின் எக்ஸ்ரேயை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் தைலம் தேய்ப்பார்.

நடக்கப் பழக்க வந்த பெண், “வலி பத்துக்கு எவ்ளோ, ஐயா?” என்று அவரைக் கேட்டாள்.

“புது முட்டியில ரெண்டும்மா. நீங்க எடுத்துட்டீங்களே, அதுல எட்டு.”

அவள் இரண்டு என்று எழுதிக்கொண்டு போனாள்.

“தைலத்துக்குக் கேக்குதா மாமா?” என்றேன்.

“மனசு சரியில்ல மாப்ள, ஆபரேஷனுக்கு முன்னாடிலேர்ந்தே. அதுக்கு எக்ஸ்ரே எடுக்க மாட்டேன்னுட்டாங்க. அதான் இதுல தடவுறேன்.”

கடலூருக்குத் திரும்பிய பிறகும் என் பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. தைலம் வாங்கத்தான் கூச்சமாக இருக்கிறது.