செடிக்குப் போட்ட கூரை

என் மனைவி வளைகுடா நாட்டிலிருந்து லீவில் வந்தபோது தனக்கென்று கொண்டு வந்தது ஒரே ஒரு பொருள். பால்மா டின்னில் மணல், மணலில் ஒரு சாண் உயரச் செடி. இலையெல்லாம் வெள்ளி நிறம். பச்சை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. அவள் வேலை செய்த வீட்டு மதிலோரம் இந்தச் செடிகள் வரிசையாக நிற்குமாம். எந்த வெயிலுக்கும் அசராதாம். மழை வருவதற்கு இரண்டு நாள் முன்னால் மேலிருந்து கீழ்வரை ஊதாப் பூவாகப் பூத்துத் தள்ளுமாம். அந்த ஊரில் தனக்குப் பிடித்தது இது ஒன்றுதான் என்றாள். வீட்டு மனிதர்கள் எப்படி என்று கேட்டேன். மறுபடியும் செடியைப் பற்றியே சொன்னாள்.

பெயர் அவளுக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், கட்டுகஸ்தோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். வேலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டிப் பார்த்து, "தகரத்துக்கு சில்வர் பெயின்ட் அடிச்ச மாதிரி ஈக்கி" என்றார். அவர் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் எங்கள் வீடு சரிவில் இருந்தது. நாள் முழுக்க வெயில் விழும் இடம் வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு பாய் அகலம்தான். அவளே குழி தோண்டினாள். தோண்டிய மண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு உடைந்த செங்கல், பழைய சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புச் சாந்து, ஆற்று மணல் எல்லாவற்றையும் கலந்து முழங்கால் உயரத்துக்கு மேடாகக் குவித்து, அதன் உச்சியில் செடியை வைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சட்டம் சொன்னாள்.

"தண்ணி ஊத்தக் கூடாது. எரு போடக் கூடாது. இடம் மாத்தக் கூடாது. பாவம் பாக்கக் கூடாது."

நான் தண்ணீர் சம்பந்தமான ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களின் முறைப்பாட்டைப் பதிவதுதான் என் வேலை. பாவம் பார்க்காமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு என்றேன். அவள் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு வருடம், கூரை முழுவதும் மாற்றும் வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் முதன்முதலில் போனதே கூரைக்காகத்தான். பாதி மாற்றியாகிவிட்டது. மீதிப் பாதியின் கீழே வாளி வைத்திருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சமைத்துப் போட வத்தேகமையிலிருந்து என் அக்கா வந்து தங்கினாள்.

ஐப்பசி வரைக்கும் செடி நன்றாகத்தான் இருந்தது. பிறகு கண்டி தன் வேலையைத் தொடங்கியது. பின்னேரம் இரண்டு மணிக்கு இருட்டும், மூன்று மணிக்குக் கொட்டும். இந்த ஊரில் மழை வருமென்று அறிவிக்க ஒரு செடி தேவையில்லை. வரவில்லை என்றால்தான் யாராவது அறிவிக்க வேண்டும். செடியின் அடி இலைகள் மஞ்சளித்தன, பிறகு கறுத்தன, பிறகு தொட்டாலே கையோடு வந்தன.

அந்த வாரம்தான் அவளுடைய கடிதமும் வந்தது. வீட்டுக்காரர்கள் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடவா வேண்டாமா, அடுத்த மாசக் கடைசிக்குள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தாள். கடைசி வரியில், செடி எப்படி இருக்கிறது என்றும் இருந்தது.

வந்துவிடு என்று எழுதினால், பாதிக் கூரைக்குக்கூட வக்கில்லாதவன் என்று நானே கைப்பட எழுதிக் கொடுத்ததாகிவிடும். இரு என்று எழுதினால் நான் மனிதனே இல்லை. அதனால் கடைசி வரிக்கு மட்டும் பதில் எழுதினேன். மூன்று கடிதம் எழுதினேன். மூன்றிலும் செடிதான்.

செடியைக் காப்பாற்றிவிட்டால் மற்றது தானாகச் சரியாகிவிடும் என்று ஏனோ நம்பினேன். நானாவிடம் இரண்டு தகரம் வாங்கி, வாசலில் நாலு கம்பு நட்டு, செடிக்கு மேலே கூரை போட்டேன். வீட்டுக் கூரைக்காக அவள் கடல் கடந்து போயிருக்க, முதலில் முழுக்கூரை கிடைத்தது செடிக்குத்தான். அப்படியும் வேரடி ஈரம் காயவில்லை. ஒரு நாள் காலையில் வழக்கத்தைவிட முன்னதாக எழுந்தபோதுதான் காரணம் தெரிந்தது. அக்கா ஒரு வாளி தண்ணீரில் சாணத்தைக் கரைத்து, வாசலெங்கும் விசிறி விசிறித் தெளித்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கால் வாளியைச் செடியின் தலையிலேயே ஊற்றினாள்.

"அக்கா, என்ன செய்ற?"

"வாசல் தெளிக்கிறேன். அது பாவம், சாம்பல் பூத்துப் போயிருக்கு."

அவள் தோட்டத்து நர்சரியில் தேயிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியே வளர்ந்தவள். வாடிய இலையைக் கண்டால் கை தன்னால் வாளியைத் தேடும். தண்ணீரும் எருவும் பாவமுமாக, நாலு சட்டத்தில் மூன்றை அவள் தினமும் காலையில் ஒரே வீச்சில் மீறியிருக்கிறாள். ஒரு மாதத்துக்கு வாசல் தெளிக்க வேண்டாம், கோலமும் வேண்டாம், வாசலில் ஒரு சொட்டும் விழக் கூடாது என்றேன்.

"விளக்கு வைக்கிற வீட்டுல வாசல் தெளிக்காமயா? பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?"

"பாக்கிறவங்களுக்கு வேற வேலை இருக்கு."

அக்கா இரண்டு நாள் வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள், இதைக் கண்ணால் பார்க்க முடியாது என்று பையைத் தூக்கிக்கொண்டு வத்தேகமைக்குப் போய்விட்டாள்.

பார்க்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்களில் வாசல் தெளிக்காமல், கோலம் போடாமல் விடுவது சாவு விழுந்த வீட்டில் மட்டும்தான். வாசலில் நாலு கம்பு நட்டுத் தகரம் போடுவதும் அதற்குத்தான். எங்கள் வீட்டு ஆட்களோ மூன்று பேர். நான் தினமும் கந்தோருக்குப் போய் வந்தேன். அக்கா பையோடு பஸ் ஏறியதைத் தெருவே பார்த்தது. மிச்சம் ஒருத்திதான்.

முதலில் வந்தவர் நானா. எப்போதும் உள்ளே வந்து கதிரையில் உட்காருகிறவர், அன்று படலைக்கு வெளியிலேயே தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். சீனிப் பார்சல் ஒன்றை என் கையில் கொடுத்து, "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம், தம்பி. எனக்கு ஒரு வார்த்த செல்லலியே" என்றார். தகரம் வாங்கியபோது எதற்கென்று சொல்லாததைக் குறிப்பிடுகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். இரண்டு தகரத்துக்கு இவ்வளவா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் என் மச்சான், என் மனைவியின் ஒரே அண்ணன், வெள்ளை வேட்டியோடு ஒழுங்கையில் ஏறி வந்தார். வந்ததும் வராததுமாக என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

அங்கே அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். தந்தி அவருடைய கடை விலாசத்துக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் அப்படித்தான் கொடுத்திருந்தோம். என்ன நடந்தது என்று கேட்காமலே அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நானும் அழுதேன். நான் எழுதாத பதில் ஒன்றுதான் அப்போது என் தலைக்குள் இருந்தது. நான் அழுவதைப் பார்த்து அவர் இன்னும் சத்தமாக அழுதார். அவர் அழுவதைப் பார்த்து நானும். அப்படி எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது.

கடைசியில் அவர் கேட்டார்: "பிரேதம் எப்ப வருது மச்சான்?"

"உங்களுக்குத்தானே தந்தி வந்திருக்கும்."

"எனக்கா? எனக்கு பஸ்ல ஒருத்தர் சொன்னாரு. நீங்க வாசல்ல தகரம் போட்டாச்சுன்னு."

இரண்டு பேரும் தகரத்தைப் பார்த்தோம். அதன் கீழே செடி நின்றது.

நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே அக்கா தலையிலடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். வத்தேகமைச் சந்தையில் யாரோ சொன்னார்களாம். தெளிப்பதை நிறுத்தியதே செடிக்காகத்தான் என்று என்னைத் தவிர உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் அழுதாள். அழுகைக்கு நடுவில் குனிந்து, "தம்பி, இதுல மொட்டு விட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

தந்தி வரவில்லை என்பதற்காக ஆள் உயிரோடு இருக்கிறாள் என்றாகிவிடுமா என்று மச்சான் கேட்டார். அவர் கேட்ட பிறகு எனக்கும் அமைதி இல்லை. டவுனில் தொலைபேசிக் கடைகள் புதிதாகத் திறந்திருந்த காலம் அது. அவசரத்துக்கென்று அவள் அந்த வீட்டு நம்பரை எழுதித் தந்திருந்தாள். அரபி பேச வேண்டி வந்தால் உதவியாக இருக்கட்டும் என்று நானாவையும் கூட்டிக்கொண்டு போனோம். மறுமுனையில் ஒரு பெண் குரல் மளமளவென்று ஏதோ கேட்டது. நானா மூன்று தரம் ஸலாம் சொன்னார். "எனக்கு ஓதத்தான் தெரியும் தம்பி, பேசத் தெரியாது" என்று வியர்வையோடு ரிசீவரை என்னிடம் கொடுத்தார். நான் அவளுடைய பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"என்னங்க? யாருக்கு என்ன?" அவள்தான்.

"ஒண்ணுமில்ல. நீ செத்துட்டதா இங்க பேச்சு."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அக்கா வாசல் தெளிக்கல."

அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பலமாகச் சிரித்தாள். யார் யார் வந்தார்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அழுதேன்."

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கடைக்காரரும் மச்சானும் நானாவும் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று கடிதத்தில் எழுதாததைச் சொன்னேன். "கையெழுத்துப் போடாத. கூரை கெடக்கட்டும். நீ இல்லாம என்னால முடியல. வந்துடு."



"முந்தாநாள் போட்டுட்டேங்க" என்றாள். "மாசக் கடைசி வரைக்கும் பாத்தேன். உங்க கடிதத்துல செடி மட்டுந்தான் இருந்திச்சு. இருக்கச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

நாங்கள் வீடு திரும்பியபோது தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். மச்சான் கையைத் தூக்கி, உசிரோட இருக்கா என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். சாவு வீட்டுக்கென்று நானா கொடுத்த சீனியைப் போட்டு அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். அவள் உயிரோடு இருப்பது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.