எலும்பு வரைக்கும் போன ஊசி

தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவளுக்குக் காலிலும் ஒரு கண் உண்டு. அந்தக் கண்தான் எனக்கு முதலில் அவிந்தது. பாதம் மரத்துப்போய், மிதிப்பலகையை மிதித்தேனா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் மூச்சு வாங்கியது. குழியை விட்டு எழுந்தால் கண் இருட்டியது. ஆரணியில் ரத்தம் பார்த்த டாக்டர், எல்லா அணுக்களும் குறைந்திருக்கின்றன, வேலூருக்குப் போய் எலும்பு மஜ்ஜையைச் சோதித்துவிடுங்கள் என்றார். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எதற்கு என்று கேட்டேன். ரத்தப் புற்றுநோய் இல்லையென்று உறுதி செய்துகொள்ளத்தான் என்றார். ‘இல்லை’ என்ற சொல்லை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு, மற்றதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் தெருவில் ஆளுக்கொரு பேயைக் காட்டினார்கள். முதுகெலும்பில் துளை போடுவார்களாம், கால் விளங்காமல் போய்விடுமாம். எதிர்வீட்டு அக்கா, நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சிவிடுவார்கள் என்றாள். நாங்கள் சைவம், நல்லியைக் கண்டதில்லை. ஆனாலும் பஸ் வேலூர் போய்ச் சேருகிறவரை அந்த உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வேலூரில் டாக்டரம்மா சின்ன வயசு. சாப்பாடு பற்றி விசாரித்தார். சைவம் என்றேன். பால், தயிர் சேர்ப்பீர்களா என்றார். சேர்ப்பேன் என்றேன். அது பொய். தெள்ளாரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒரு குழந்தை பிறக்க வேண்டுமென்று அம்மனிடம் வேண்டிக்கொண்டு, பால், தயிர், மோர் மூன்றையும் விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கூட வந்திருந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். முதுகெலும்பு இல்லையம்மா, இடுப்பெலும்பின் பின்பக்கம்தான் என்று டாக்டரம்மா அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். முதலில் மரத்துப்போக ஒரு ஊசி. மிளகாய் பட்ட மாதிரி எரிந்து அடங்கியது. அடுத்தது தடித்த ஊசி. வலி இல்லை, ஆனால் எலும்பின்மேல் முழு பாரத்தையும் வைத்து அழுத்தித் திருகுவது தெரிந்தது. இப்போது இழுக்கப்போகிறேன், சில நொடி வலிக்கும் என்றார். இழுத்தார். இடுப்பிலிருந்து குதிகால் வரை உள்ளேயிருந்து ஒரு இழையை உருவினாற்போல் இருந்தது. என்னையறியாமல் என் வலது கால் கட்டில் கம்பியை மிதித்தது. பிறகு இடது. மறுபடி வலது.

காலைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் கேட்டாள். “இன்னாம்மா மிதிச்சிகினு இருக்கீங்க?”

“தறிங்க,” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் பாதி சிரிப்பு, பாதி அழுகை. கால் விளங்குகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

கட்டுப் போட்டு, அந்த இடம் அழுந்த அரைமணி நேரம் மல்லாந்து படுக்க வைத்தார்கள். ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது, இரண்டு மூன்று நாள் வலி இருக்கும் என்றார்கள். நர்ஸ் இரக்கப்பட்டு ஒரு டம்ளர் பால் கொண்டுவந்தாள். வேண்டாமென்று தலையை ஆட்டினேன். குடித்தால்தான் தெம்பு என்றாள். அதுவரை சுவரோரம் நின்றிருந்த மனுஷன் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டார்.

“அவ பால் தொட்டு நாலு வருசம் ஆவுதும்மா. புள்ளைக்காவ வேண்டிக்கினா.”

எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா பேனாவை வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார், அவ்வளவுதான்.

முடிவு வர ஒரு வாரம். அந்த வாரம் நான் தறியில் நெய்தது முழுக்கப் பிசகு. மறுபடி போனபோது டாக்டரம்மா உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார்: புற்றுநோய் இல்லை. பி12 என்கிற சத்து அடியோடு வற்றிப்போயிருக்கிறது, ஊசி போட்டால் தேறிவிடும். பாலும் தயிரும் கட்டாயம் சாப்பிட வேண்டும்.

ஊசிக்குச் சரியென்றேன். பாலுக்கு என்ன பதில் சொல்வது? உயிர் பிழைத்த சந்தோஷத்தைவிட, சாமிக்குச் சொன்ன சொல்லைத் தவறவிடுகிற பயம் பெரிதாகிவிட்டது. மகளுக்கு இன்னும் ஒன்றும் தங்கவில்லை.

சேதி கேட்டு அவள் தெள்ளாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள். நேரே அடுப்படிக்குப் போய் மோர் கரைத்து எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். உனக்காக வேண்டியது, உடைத்தால் உனக்குத்தானே ஆகாது என்றேன்.

“எனக்குப் புள்ளை வேணும்னா எனக்கு அம்மா வேணாமா? அம்மன் கேட்டா என்னைக் கேக்கச் சொல்லு. குடி.”

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரே புளிப்பு. நாலு வருஷத்தில் என் நாக்கு மோரை மறந்திருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, டம்ளர் காலியாகிறவரை எழுந்திருக்கவில்லை.