சூடு ஆறாத துண்டுகள்

இலுப்பூரில் நான் குடியிருக்கும் தெருவில் மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். என் ஆராய்ச்சியைக் கெடுத்தது அதுதான் என்று கொஞ்ச நாள் திட்டிக்கொண்டிருந்தேன். கெடுத்தது நான்தான்.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் எனக்குக் கௌரவ விரிவுரையாளர் வேலை. மீதி நேரமெல்லாம் முனைவர் பட்டத்துக்கு. கனமான இரண்டு அணுக்கருக்களை வேகமாக மோதவிட்டால் அவை ஒட்டிக்கொண்டு, கடும் சூடேறி, விரிந்து, துண்டுகளாகச் சிதறும். எந்த அளவில் எத்தனை துண்டு வரும் என்று மடிக்கணினியில் கணக்கிடுகிறேன். மோதலை நடத்தும் கருவியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இதைப் பற்றிப் பேச எனக்கு ஒருவரும் இல்லை. நெறியாளர் கையெழுத்துப் போடுவார், படிக்கமாட்டார். ஒரு கட்டுரையாவது வெளியானால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். கிடைத்திருந்ததோ கடைசிக் கால நீட்டிப்பு.

ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு மூன்று பக்க மதிப்பீடு வந்தது. மதிப்பிட்டவர் யாரென்று இதழில் சொல்லமாட்டார்கள். அந்த மனிதர் என் வரைபடத்தில் ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. குறை சொன்னதற்காக அல்ல, படித்ததற்காக.

கடைசியில் ஒரு கேள்வி: உங்கள் துண்டுகள் சோதனையில் கிடைப்பவற்றைவிடப் பெரியவையாக இருக்கின்றனவே, கணக்கை ஏன் அவ்வளவு சீக்கிரம் நிறுத்தினீர்கள்?

பழைய கோப்பைத் திறந்தேன். மின்சாரம் நின்ற ஒரு நாளில், இன்வெர்ட்டர் பேட்டரி தீர்வதற்குள் வேலை முடியட்டும் என்று ஒவ்வொரு மோதலின் கணக்கையும் பாதியில் நிறுத்தும்படி நிரலில் எழுதியிருந்தேன். மறுநாள் மாற்ற மறந்துவிட்டேன். சிதறிய துண்டு சூடாக இருக்கும்வரை சும்மா இருக்காது. நியூட்ரான்களை உதிர்த்து உதிர்த்து இளைத்துக்கொண்டே போகும். கருவியில் போய் விழுவது ஆறிய மிச்சம்தான். நான் ஆறவிடாமலே எண்ணியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் திரும்ப ஓட்டினேன். புள்ளிகள் இறங்கிவந்து சோதனைப் புள்ளிகளோடு சேர்ந்துகொண்டன. பிறகு பதில் எழுத உட்கார்ந்தவள் நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்கா மாடிக்கு வந்தார்.

"யாருக்கு டீச்சர் இம்புட்டு எழுதுறீங்க?"

"பேரு தெரியாதுக்கா. ஆணா பொண்ணான்னும் தெரியாது."

"நல்லா இருக்குங்க! கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டீங்க, பேரு தெரியாதவுகளுக்கு நாலு நாளா எழுதுறீங்க."

பேட்டரி விஷயத்தை மறைக்காமல் எழுதினேன். முடிவில், இந்த மாதிரிப் பதில்களில் யாரும் எழுதாத ஒன்றையும் சேர்த்தேன்: நீங்களும் எப்போதாவது இப்படி அவசரப்பட்டு நிறுத்தியதுண்டா?

அடுத்த மின்தடை நாளில், அக்காவோடு வாசலில் காற்றுக்காக உட்கார்ந்திருந்தபோது கைபேசியில் பதில் வந்தது. கட்டுரை ஏற்கப்பட்டது. மதிப்பீட்டாளர் எழுதியது ஒரே வரி: திருத்தங்கள் சரி, எனக்கு வேறு கேள்விகள் இல்லை. என் கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். இல்லை.

"நல்ல சேதிங்களா டீச்சர்?"

"ஆமாக்கா. இனி பட்டம் வாங்கிரலாம்."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவுக இனிமே ஒங்களுக்கு எழுத மாட்டாகளா?"

"மாட்டாகக்கா" என்றேன். அந்த மூன்று பக்கக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். கேள்விகள் மனப்பாடமாகிவிட்டன.