குழிக்குள் உட்கார்ந்து வாங்கிய கணக்கு

கிட்வே நகரத்துச் சிம்வெம்வே வட்டாரத்தில் ஜெலிபா ஜேரேயிடம் வம்பு வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியவர் எவரும் கிடையாது. சந்தையில் கருவாடு விற்ற காலத்திலேயே அவள் அப்படித்தான். எடையில் ஏமாற்றிய மொத்த வியாபாரியின் கடை வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவனுடைய தராசைப் பற்றிப் பேசிப் பேசியே அவனை வேறு ஊருக்கு அனுப்பி வைத்தவள். மறப்பது மன்னிப்பது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் மட்டும்தான். வாசலுக்கு வந்து செருப்பைத் தட்டியதும் பழைய பகை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பிறந்தது கிழக்கே சிப்பாட்டா பக்கம், ங்கோனி இனத்தில். கிட்வே தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஒருநாள் கீழே இறங்கியவன் மேலே வரவில்லை. சாவு வீட்டின் அடுப்பு அணையும் முன்பே அவனுடைய சொந்தக்காரர்கள் கட்டிலையும் குளிர்பெட்டியையும் தூக்கிப் போக வண்டியோடு வந்தார்கள். "எங்க பிள்ளை சம்பாதிச்சது, எங்களுக்குத்தான் சொந்தம்" என்றார்கள். ஜெலிபா உலக்கையை எடுத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். வண்டி காலியாகத்தான் திரும்பியது. ஒரு பொருள் யாருக்குச் சொந்தம் என்ற விஷயத்தில் அவளுக்கு அன்றைக்குப் பிடித்த வெறி இன்றுவரை இறங்கவில்லை.

சுரங்கத்திலிருந்து வந்த நஷ்டஈட்டுப் பணத்தில் அவள் வீடியோ கேம் கடை போட்டாள். ஊரே சிரித்தது. கருவாட்டுக்காரிக்கு கேம் எதற்கு என்றார்கள். அவளா கேட்பாள்? பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் ஷிஃப்ட் முடிந்த சுரங்கத்து ஆட்களும் எங்கே போவார்கள் என்று அவள் பார்த்து வைத்திருந்தாள். டிவி, கேம் பெட்டி, பெஞ்சு, வாசலில் முன்கோயோ பானம் விற்கும் ஒரு வாளி. தோற்றவன் எழுந்திருக்க வேண்டும், கெட்ட வார்த்தை பேசினால் வெளியே போக வேண்டும், இதுதான் சட்டம். கடை பிய்த்துக்கொண்டு ஓடியது.

பெட்டிகளை விற்றவன் முபாங்கா. நகரத்தில் போன் கடை வைத்திருந்தான். மடிப்புக் கலையாத சட்டை, வாயைத் திறந்தால் தேன். கேம் தட்டுகள் கீறிப்போகும், திருடு போகும், தட்டே வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். எல்லா கேமையும் இணையத்தில் தன்னுடைய கணக்கில் வாங்கி, அந்தக் கணக்கை அவளுடைய பெட்டிகளில் ஏற்றிக் கொடுத்தான். கேட்ட விலையை அவள் ஒரே தடவையில் எண்ணி வைத்தாள்.

"இனி இதெல்லாம் உங்களுதுதான் பா ஜெலிபா. சாகுற வரைக்கும் ஆடுங்க" என்றான், பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'பா' போட்டு.

"யாரு சாகுற வரைக்கும்? அதைத் தெளிவாச் சொல்லு" என்று கேட்டாள் அவள். இருவரும் சிரித்தார்கள். அப்படிச் சிரித்துக்கொள்வது இங்கே முறை. அவன் பெம்பா, அவள் ங்கோனி. பாட்டன் முப்பாட்டன் காலத்தில் இரண்டு இனமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. பிறகு அலுத்துப்போய் கேலிமுறை ஆகிவிட்டன. பனுங்வே என்போம். பனுங்வே என்ன திட்டினாலும் கோபிக்கக் கூடாது, கண்முன்னால் பொருளை எடுத்துக்கொண்டு போனாலும் போலீசுக்குப் போகக் கூடாது. வேண்டுமானால் அவர் கேட்பதைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். ங்கோனிக்காரர்களைப் பார்த்தால் 'எலி தின்னி' என்பார்கள் பெம்பாக்கள். பெம்பாவைப் பார்த்தால் 'குரங்கு தின்னி' என்பார்கள் ங்கோனிகள். சிரித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

ஜெலிபாவின் கடையில் கூட்டம் சேர்வதை முபாங்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். மழைக்காலம் முடிந்ததும் அவள் கடைக்கு நேர் எதிரே, பெரிய டிவிகளும் சாய்வு நாற்காலிகளுமாக அவனே ஒரு கேம் கடை திறந்தான். திறப்பு விழா அன்று மதியம், ஜெலிபாவின் பெட்டிகளில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எல்லாத் திரையிலும் பூட்டுப் படம் வந்து நின்றது. ஒரு கேமும் திறக்கவில்லை. பையன்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள்.

ஜெலிபா சிதெங்கேத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். முபாங்கா வாசலிலேயே நின்றிருந்தான், கையில் போன்.

"என் கேமெல்லாம் எங்கடா?"

"உங்க கேமா? அது என் பேர்ல இருக்கிற கணக்கு பா ஜெலிபா. உங்க பெட்டிய அதுலேர்ந்து எடுத்துட்டேன். அவ்வளவுதான்."

"நான் காசு குடுத்து வாங்கினேன்."

"நீங்க வாங்கினது பெட்டி. கேமை யாராலயும் வாங்க முடியாது. ஆடிக்கோன்னு ஒரு அனுமதி, அவ்வளவுதான் குடுப்பாங்க. கணக்கு யார் பேர்ல இருக்கோ அவருக்குத்தான் அந்த அனுமதி. விதிமுறையப் படிக்கலையா நீங்க?"

"நீ படிச்சியா?"

"யாரு படிப்பா? 'சம்மதம்'னு அமுக்கிட்டுப் போவோம்." சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "எதுக்கு மூஞ்சியத் தூக்குறீங்க? நாம பனுங்வே. உங்க பொருளை நான் எடுத்தா நீங்க கோபப்படலாமா? போய் எலி சுட்டுத் தின்னுங்க."

கூட்டம் சிரித்தது. அவளிடம் இலவசமாக முன்கோயோ குடித்தவனும் சேர்ந்து சிரித்தான். ஜெலிபாவும் சிரித்தாள். சிரிக்காமல் வேறு என்ன செய்வது, முறை என்று அவன் சொல்லிவிட்டானே. ஏமாற்றியதோடு விட்டிருந்தால்கூட வழக்கு, வக்கீல் என்று அலைந்து ஓய்ந்திருப்பாள். முறையை இழுத்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டான் பாருங்கள், அது அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த முறை இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை மடையன் மறந்துவிட்டான்.

கேம் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தாள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேசுவோம் என்று பதில் வந்தது. கடை மூடிக் கிடந்தது. திரும்பவும் சந்தையில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்தாள். எதிரே கடை போட்டவன் எப்படி இருக்கிறான் என்று யாராவது கேட்டால், "நல்லா இருக்கட்டும். அவன் வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று மட்டும் விசாரிப்பாள். அக்கறையோடுதான் விசாரிக்கிறாள் என்று ஊர் நினைத்தது.

குளிர்காலத்தில் முபாங்காவின் தாய்மாமன் சிலேஷே செத்துப்போனார். பெம்பாக்களிடம் தாய்மாமன் என்றால் அப்பனுக்கும் மேலே. சேதி கேட்டதும் ஜெலிபா கருவாட்டுக் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"சாவுக்கு. முறைக்காரி போகாம இருக்கலாமா?"

போகாமல் இருக்கவே கூடாது. சாவு வீட்டில் பனுங்வே வந்து கேலி செய்தால்தான் துக்கம் இறங்கும் என்பது இங்கத்து நம்பிக்கை. அவர்கள் சவப்பெட்டியின் மேல் படுப்பார்கள், செத்தவரைப் போல நடந்து காட்டுவார்கள், குழியை மறிப்பார்கள். கேட்டதைக் கொடுத்தால்தான் நகர்வார்கள். ஜெலிபா முதல் நாள் சாவு வீட்டில் பெண்களோடு சேர்ந்து அழுதாள், நிஜமாகவே அழுதாள். சிலேஷே நல்ல மனிதர். மறுநாள் இடுகாட்டில் சவப்பெட்டியை இறக்கப் போகும் நேரத்தில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திரு எலி தின்னி, எங்க மாமாவுக்கு இடம் விடு" என்றார் பெரியவர் ஒருவர், சிரித்துக்கொண்டே.

"யாரு இடம்? இந்தக் குழிய நீங்க வாங்கினீங்களா?"

"காசு கட்டியாச்சு."

"காசு கட்டினா உங்களுதாயிடுமா? படுத்துக்கோன்னு ஒரு அனுமதி குடுத்திருப்பான், அவ்வளவுதான். பெட்டியும் அப்படித்தான், தச்சன் என்னைக்கு வேணும்னாலும் வந்து திருப்பி எடுத்துக்குவான். விதிமுறையப் படிக்கலையா நீங்க? உங்க முபாங்காவக் கேளுங்க, அவன் நல்லாச் சொல்லுவான்."

சிம்வெம்வேக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட சிதெங்கேயால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பாதிரியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முபாங்கா மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன வேணும் உனக்கு, கேளு" என்றார் பெரியவர்.

"அவன் கையில இருக்கிற போன்."

போனைக் குழிக்குள் நீட்டினார்கள். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"போனுதான் குடுத்தாச்சே?"

"போன் எனக்கெதுக்கு? இதுல ஒரு கேம் கணக்கு இருக்கு. அதை என் பேருக்கு மாத்தட்டும், போனைத் திருப்பிக் குடுத்துர்றேன். உங்க மாமாவும் நிம்மதியாப் படுக்கட்டும்."

"பா ஜெலிபா, இது சாவு" என்றான் முபாங்கா. "இங்க வந்தா இதைப் பேசுவீங்க?"

"எதுக்கு மூஞ்சியத் தூக்குறே? நாம பனுங்வே. கோபப்படலாமா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சவப்பெட்டியைத் தாங்கியிருந்தவர்களுக்குத் தோள் கடுத்தது. "என்ன எழவுக் கணக்கோ, மாத்திக் குடுத்துத் தொலைடா" என்று பெரியவர் அதட்டினார். "கேம் பெருசா, மாமா பெருசா?" முபாங்கா குழியின் விளிம்பில் மண்டியிட்டான். அவன் சொல்லச் சொல்ல, அவள் தன்னுடைய எண்ணையும் முகவரியையும் ஏற்றினாள். புதிய ரகசியச் சொல் கேட்டது. அவள் கொஞ்சம் யோசித்து, 'எலி தின்னி' என்று தட்டினாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தூக்கிவிடச் சொல்லி அவனிடமே கையை நீட்டினாள். அவனும் தூக்கிவிட்டான்.

இதோடு முடித்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும், அவர்களுடைய திரையில் பூட்டு விழவில்லை. அடுத்த சனிக்கிழமை முபாங்காவின் கடையில் பந்தாட்டப் போட்டி. சுரங்கத்து ஆட்களெல்லாம் வந்திருந்தார்கள். அவனுடைய பெட்டிகளும் அதே கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஜெலிபா தன் கடையைத் திறந்து, பெஞ்சைத் துடைத்து, முன்கோயோ வாளியை வாசலில் வைத்தாள். எதிரே இறுதி ஆட்டம் தொடங்கும் வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் தன் போனில் விரலை வைத்தாள். எதிர்க்கடைத் திரைகளிலெல்லாம் பூட்டுப் படம் வந்து நின்றது.

முபாங்கா தெருவைக் கடந்து வந்தான். சட்டை கசங்கியிருந்தது.

"விளையாட்டு போதும் பா ஜெலிபா. அந்தக் கேமெல்லாம் நான் வாங்கினது."

"யாராலயும் வாங்க முடியாதுப்பா, அனுமதி மட்டுந்தான். நீதானே சொல்லிக் குடுத்தே?"

"கடையே போயிடும்."

"கருவாடு விக்கிறியா? கூடை என்கிட்ட இருக்கு, தர்றேன்."

அவள் இறங்கிவரவில்லை. எதிர்க்கடை மூடியது. முபாங்கா சாய்வு நாற்காலிகளை ஒரு சலூன்காரனுக்கு விற்றான். அந்த சலூன் வழியாகப் போகும்போதெல்லாம் ஜெலிபா உள்ளே எட்டிப் பார்த்து, யார் உட்கார்ந்திருந்தாலும் புன்னகை செய்துவிட்டுப் போவாள்.

இது நடந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் மதியம் அவளுடைய பெட்டிகளில் பந்தாட்ட கேமைக் காணவில்லை. பையன்கள் அதிகம் ஆடுவதே அதைத்தான். கம்பெனி அந்த கேமை நிறுத்திவிட்டது, இனி யாருக்கும் கிடையாது, தொல்லைக்கு வருந்துகிறோம் என்று திரையில் ஒரு வரி மட்டும் நின்றது. கணக்கு அவள் பெயரில்தான் இருந்தது. ரகசியச் சொல்லும் மாறவில்லை.

அவ்வழியே போன முபாங்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். திரையைப் படித்தான். சிரிப்பான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"கம்பெனிக்காரன் நமக்கு முறை இல்லையே, பா ஜெலிபா" என்றான் மெதுவாக.

ஜெலிபா அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கோப்பை முன்கோயோ மொண்டு, அவனைத் திரும்பிப் பார்க்காமலே நீட்டினாள்.

"முறை இல்லாட்டி என்ன? அவனுக்கும் தாய்மாமன்னு ஒருத்தன் இருப்பான்ல. எந்த ஊருன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லு."